புதிய சிலந்தியினத்தை இனங்காணலும் விவரித்தலும்

மாங்குளத்துப் புலிமுகச் சிலந்தி கமக்காரருக்குக் கற்பிக்கும் பாடம்

வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் கமக்காரர் நாள்தோறும் பலவகைச் சிலந்திகளைக் காண்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஊர் வழக்கில் தனிப் பெயர் இல்லை. சிறியவை எல்லாம் "சிலந்தி" என்றும், பெரியவை எல்லாம் "புலிமுகச் சிலந்தி" என்றும் அழைக்கப்படுகின்றன. பெயர் அறியாத பிராணியை நன்மை செய்வதா தீமை செய்வதா என ஆராயாமலே அடித்துக் கொல்வது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு கொல்லப்படுபவற்றுள், உலகில் எவரும் இதுவரை விவரித்திராத ஓர் இனமும் இருத்தல் கூடும். இது வெறும் கற்பனையன்று. வட மாகாணத்தில் மாங்குளத்தை அடுத்த பகுதியில் உண்மையாகவே அத்தகைய ஓர் இனம் கண்டறியப்பட்டது. அது எவ்வாறு இனங்காணப்பட்டது என்பதையும், அம்முறையை நெல், மரக்கறிச் செய்கையாளர் தம் நிலத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. சிலந்தி என்பது யாது?

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சியின் உடல் தலை, நெஞ்சு, வயிறு என மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும், கால்கள் ஆறு, தலையில் உணர்கொம்புகள் உண்டு. சிலந்தியின் உடலோ தலைநெஞ்சு, வயிறு என இரண்டு பகுதிகளை மட்டும் உடையது, கால்கள் எட்டு, உணர்கொம்புகள் இல்லை. சிலந்திக்குச் சிறகும் இல்லை. வாயின் இரு பக்கங்களிலும் சிறு கால்கள் போன்ற இரு உறுப்புகள் உள்ளன. இவை பரிசக்கால்கள் எனப்படும். வயிற்றின் நுனியில் நூல் வெளிவரும் காம்புகள் இருக்கும்.

சிலந்தி பயிரைத் தின்பதில்லை. அது பிற உயிர்களைப் பிடித்துண்டு வாழ்வது. ஆகையால் பயிரில் சிலந்தியைக் கண்டவுடன் மருந்து தெளிக்க வேண்டும் என்று எண்ணுவது தவறாகும்.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சிலந்தியினங்களின் தொகை 2022 ஆம் ஆண்டில் 50,000 ஐத் தாண்டியது. ஒவ்வோர் ஆண்டும் இத்தொகை கூடிக்கொண்டே வருகின்றது. ஆகவே புதிய இனம் ஒன்று காணப்படுதல் அதிசயமன்று. அது புதிய இனமே என்று நிரூபிப்பதுதான் கடினமான காரியம்.

2. மாங்குளத்தில் நிகழ்ந்தது

போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில், முல்லைத்தீவு மாவட்டத்தின் மாங்குளப் பகுதியில் கிராமவாசி ஒருவர் இறந்த பெரிய சிலந்தி ஒன்றை ஆராய்ச்சியாளரான ரணில் நாணயக்காரவின் குழுவினரிடம் சேர்ப்பித்தார். அது ஓர் ஆண் சிலந்தி. இலங்கையில் முன்னரே அறியப்பட்ட புலிமுகச் சிலந்திகளோடு அது முற்றாக ஒத்திருக்கவில்லை என்பதைக் குழுவினர் கவனித்தனர்.

ஒரேயொரு ஆண் சிலந்தியைக் கொண்டு முடிவு செய்தல் போதாது. ஆகவே பெண் சிலந்திகளையும் குஞ்சுகளையும் தேடி அவர்கள் அப்பகுதிக்குச் சென்றனர். மரப்பொந்துகளையும், கழன்ற மரப்பட்டைகளின் அடிப்புறத்தையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். இறுதியில் பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் அகப்பட்டன. அவற்றுட் சில, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியில் காணப்பட்டன.

2012 ஆம் ஆண்டின் இறுதியில் இச்சிலந்தியின் முழு விவரமும் அச்சில் வெளியாயிற்று. அதற்குப் பொயிசிலோதேரியா ராஜாயி என்று பெயரிடப்பட்டது. கால்களை விரித்த நிலையில் இதன் அகலம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். அதாவது ஒரு மனிதனின் கையை விரித்த அளவு. இத்துணைப் பெரிய பிராணியொன்று 2012 வரை விஞ்ஞான நூல்களில் இடம்பெறாதிருந்தமை கவனிக்கத்தக்கது. அதன் பக்கத்தில் வாழ்ந்த மக்கள் அத்தகைய சிலந்திகளைக் கண்டிருப்பர். ஆயினும் ஒருவர் அதனை உடல் சிதையாமல் கொண்டுவந்து கொடுத்த பின்னரே அதன் ஆராய்ச்சி தொடங்கியது.

3. ஒரு சிலந்தி புதிய இனமா என்பதை அறியும் முறை

(அ) முதலில் சாதியை அறிதல். ஒன்றையொன்று நெருங்கிய இனங்கள் பல சேர்ந்தது ஒரு சாதி. மாங்குளச் சிலந்தி பொயிசிலோதேரியா என்னும் சாதியைச் சேர்ந்தது. இச்சாதி 1885 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சிமோன் என்பவரால் நிறுவப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் சாதி இது. இச்சாதிச் சிலந்திகள் மரத்தில் வாழ்பவை. பகலில் பொந்தினுள் மறைந்திருந்து இரவில் வெளிவந்து இரை தேடும். இவற்றின் நச்சுப் பற்கள் கீழ்நோக்கி மடிந்து ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அசையும். வயலில் காணப்படும் சிறு சிலந்திகளின் பற்களோ கிடுக்கியின் இரு கைகள் போல எதிரெதிராக வந்து கவ்வும். இவ்வொரு அடையாளத்தைக் கொண்டே சிலந்திகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

(ஆ) அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுதல். அச்சாதியில் முன்னரே பெயரிடப்பட்ட எல்லா இனங்களின் விவரங்களையும் வாசித்து, நூதனசாலைகளிலுள்ள மாதிரிகளையும் பார்த்து ஒப்பிட வேண்டும். இலங்கைப் புலிமுகச் சிலந்திகளுள் பொயிசிலோதேரியா பாசியாட்டா என்பது 1804 ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. ஒர்னாட்டா என்னும் இனம் 1899 இலும், சிமிதி என்னும் இனம் 1996 இலும் விவரிக்கப்பட்டன. அயலிலுள்ள இராமேசுவரத்திலிருந்து 2004 இல் ஓர் இனம் விவரிக்கப்பட்டது. அது பின்னர் மன்னாரிலும் காணப்பட்டது. கடலின் இருமருங்கும் ஒரே இனம் வாழ்தல் கூடும் ஆகையால், இலங்கை இனங்களோடு மட்டும் ஒப்பிடுதல் போதாது என்பது இதனால் விளங்கும்.

(இ) நிலையான அடையாளங்களை நோக்குதல். பருமன் ஓர் அடையாளமன்று. ஏனெனில் சிலந்தி தோல் கழற்றிக் கழற்றி வளர்கின்றது. மேனியின் பொதுவான நிறத்தையும் முழுமையாக நம்ப முடியாது. தோல் கழற்றுவதற்கு முன் நிறம் மங்கும், கழற்றிய பின் பிரகாசிக்கும், மதுசாரத்தில் வைத்தால் வெளிறும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடும். ஆகவே கண்களின் ஒழுங்கு, கால்களின் நீள விகிதம், ஆணின் பரிசக்கால் நுனியிலுள்ள குமிழின் வடிவம், பெண்ணின் உட்புறத்திலுள்ள விந்துப் பையின் வடிவம் ஆகியவை உருப்பெருக்கி கொண்டு ஆராயப்படும்.

புலிமுகச் சிலந்திகளில் கால்களின் அடிப்புறக் கோலமும் முக்கியமானது. இச்சிலந்தி அச்சுறும்போது முன்கால்களை உயர்த்திக் காட்டும். அப்பொழுது அடிப்புறத்திலுள்ள மஞ்சள், கறுப்புக் கோலம் தெரியும். மாங்குளச் சிலந்தியை அதன் உறவினங்களிலிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களுள், முதலாம், நான்காம் கால்களில் அமைந்த மஞ்சளும் சாம்பலுமான கோலமும், வயிற்றின் அடிப்புறத்திலுள்ள இளஞ்சிவப்புப் பட்டியும் அடங்கும். மேற்புறத்தை மட்டும் பார்த்தவருக்கு இவை புலப்படமாட்டா.

4. விவரித்தலும் பெயரிடலும்

புதிய இனம் என்று உறுதியானபின், ஆராய்ச்சியாளர் ஒரு விவரணத்தை எழுதுவர். உடலின் ஒவ்வோர் உறுப்பின் அளவும் வடிவும் அதில் இடம்பெறும். மிக நெருங்கிய இனங்களிலிருந்து இது எவ்வெவ்வாறு வேறுபடுகின்றது என்பதும் சுருக்கமாகச் சொல்லப்படும். எடுக்கப்பட்ட இடம், திகதி, இருந்த மரம் அல்லது கட்டடம் ஆகியனவும் குறிக்கப்படும்.

விவரணத்துக்கு ஆதாரமான ஒரு சிலந்தியை மூல மாதிரியாகத் தெரிந்தெடுத்து நூதனசாலை போன்ற நிலையத்தில் பாதுகாப்பாக வைத்தல் வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், அம்மாதிரியை எடுத்து மீண்டும் பரிசோதிப்பர். வயலின் எல்லைக்கு நாட்டிய கல் எவ்வாறோ, அவ்வாறே இனத்தின் பெயருக்கு மூல மாதிரி அமைகின்றது.

விஞ்ஞானப் பெயர் இரண்டு சொற்களை உடையது. முதற்சொல் சாதியையும் இரண்டாவது சொல் இனத்தையும் குறிக்கும். ஒருவருடைய பெயரை ஒட்டியும் இனத்துக்குப் பெயரிடலாம். காட்டினூடே ஆராய்ச்சிக் குழுவினருக்கு வழிகாட்டிய பொலிஸ் அதிகாரி ஒருவரைக் கௌரவித்தே மாங்குளச் சிலந்திக்கு ராஜாயி என்னும் பெயர் இடப்பட்டது. விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்கள் பொதுவாக 1758 ஆம் ஆண்டிலிருந்தே கணக்கில் எடுக்கப்படுகின்றன. சிலந்திகளுக்கு மட்டும், சுவீடன் தேசத்தவரான கிளேர்க் 1757 இல் வெளியிட்ட நூலிலுள்ள பெயர்களும் ஏற்கப்பட்டுள்ளன.

ஓர் இனத்துக்கு இருவர் இரு பெயர் இட்டுவிட்டால், முன்னர் வெளியான பெயரே நிலைபெறும். 1895 இல் போக்கொக் என்பவர் விட்டாட்டா என்ற இனத்தை விவரித்தார். 2001 இல் இலங்கையிலிருந்து பெடர்செனி என்ற இனம் விவரிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றே என்று பின்னர் தீர்மானிக்கப்பட்டமையால், விட்டாட்டா என்ற பழைய பெயரே வழங்குகின்றது. இதனாற் பெயரிடுவதில் அவசரம் கூடாது என்பது பெறப்படும்.

5. நெல் வயலிலும் தோட்டத்திலும் இம்முறையின் பயன்

புலிமுகச் சிலந்தி வயலில் வாழ்வதன்று. ஆயினும் அதனை இனங்காண உதவிய அதே முறை, அதாவது பருமனையும் நிறத்தையும் விட்டு நிலையான அடையாளங்களை நோக்கும் முறை, வயற் சிலந்திகளுக்கும் பொருந்தும். புதிய இனங்கள் காட்டில் மட்டுமே உள்ளன என்றும் எண்ணலாகாது. பரியோன், லிற்சிங்கர் என்னும் இருவர் தென்னாசிய, தென்கிழக்காசிய நெல் வயற் சிலந்திகளைப் பற்றி 1995 இல் வெளியிட்ட பெரு நூலில் அதுவரை பெயரில்லாத பல இனங்கள் முதன்முதலாக விவரிக்கப்பட்டன.

கமக்காரர் தம் வயலில் பின்வருவனவற்றை எளிதில் வேறுபடுத்தி அறியலாம்.

ஓநாய்ச் சிலந்தி: பயிரின் அடியிலும் நீர்மட்டத்திலும் வேகமாக ஓடித் திரியும். வலை பின்னி இரை பிடிப்பதில்லை. கண்கள் மூன்று வரிசையாக இருக்கும். முன்வரிசையில் சிறிய நான்கு, அதற்குப் பின் பெரிய இரண்டு, அதற்கும் பின் இரண்டு. தலைநெஞ்சின் முதுகில் கவர் போன்ற வெளிறிய குறி காணப்படும். பெண் தன் முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமக்கும். பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் செல்லும். ஆசிய நெல் வயல்களில் பெயர்பெற்ற பார்டோசா சூடோஅன்னுலாட்டா இவ்வகையினது. 1906 இல் இதனை விவரித்தோர் வேறொரு சாதியில் வைத்தனர். பின்னர் லைக்கோசா என்றும் அது வழங்கிற்று. பழைய நூல்களில் அப்பெயரைக் காண்போர் மயங்க வேண்டியதில்லை.

நீள்தாடைச் சிலந்தி: ஒடுங்கி நீண்ட உடலும், நீண்ட கால்களும், முன்னே நீட்டிய தாடைகளும் உடையது. வெயில் நேரத்தில் நெல் இலையோடு ஒட்டி நீட்டிப் படுத்திருக்கும். பயிரின் மேற்பகுதியில் வட்டமான மெல்லிய வலை கட்டும்.

முட்காற் சிலந்தி: கால்களில் நீண்ட முட்கள் நிமிர்ந்து நிற்கும். வயிற்றின் பக்கங்களில் சாய்ந்த வெண்கோடுகள் காணப்படும். வயலில் ஈரம் குறைந்து பயிர் அடர்ந்தபின் கூடுதலாக வரும். தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டி ஆகியவற்றின் அந்துப் பூச்சிகளைப் பிடித்துண்ணும்.

குதிக்கும் சிலந்தி: முகத்தில் இரு பெரிய கண்கள் விளக்குப் போல் தோன்றும். கத்தரி, போஞ்சி, பயற்றைச் செடிகளிலும் அடிக்கடி காணலாம். இரையின் மேல் பாய்ந்து பிடிக்கும்.

ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான இரைகளை உண்ணும். கபில நிறத் தத்தி பயிரின் அடியிலேயே தங்கிச் சாறு உறிஞ்சுவதால், அங்கேயே ஓடித் திரியும் இச்சிலந்தி அதற்குப் பெரும் பகைவனாகும். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் கடுமையான பூச்சிநாசினியைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தெளித்தால் முதலில் அழிவது சிலந்தியே. தத்தியின் முட்டைகளோ இலைமடலினுள் இருப்பதால் தப்பிவிடும். அவை பொரித்து வெளிவரும்பொழுது உண்பதற்குச் சிலந்தி இல்லாமையால், தத்தி முன்னிலும் பன்மடங்காகப் பெருகும். மருந்துக்குப் பணம் செலவிட்ட கமக்காரர் விளைச்சலையும் இழக்க நேரிடும். ஆதலால் மருந்து தெளிக்க முன் பயிரின் அடியை விலக்கி, தத்திகளோடு சிலந்திகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

6. அறியாத சிலந்தியைக் கண்டால் செய்ய வேண்டியவை

(1) கையாற் தொடலாகாது. அடித்துக் கொல்லவும் கூடாது. அது தானாக விலகிச் செல்ல இடம் விடுதல் நன்று.

(2) இடம், திகதி, நேரம், மரத்தின் பெயர், நிலத்திலிருந்து உயரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறிப்பு இல்லாத மாதிரியின் பெறுமதி பெரிதும் குறைந்துவிடும்.

(3) கைத்தொலைபேசி இருப்பின், அண்மித்துத் துன்புறுத்தாமல் படம் எடுக்கலாம். அளவு தெரியும்படி பக்கத்தில் அளவுகோல் அல்லது நாணயம் வைக்க இயலுமாயின் நன்று. சிலந்தி முன்கால்களை உயர்த்தினால் அதற்கு மேல் நெருங்கலாகாது.

(4) சிலந்தி இறந்து கிடக்கக் கண்டால், இடுக்கியால் எடுத்து அகன்ற வாயுள்ள போத்தலில் இட்டு, அது மூழ்குமளவுக்கு மருந்துக்கடையில் விற்கப்படும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றி மூட வேண்டும். கடதாசித் துண்டொன்றில் இடத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதிப் போத்தலின் உள்ளேயே போட வேண்டும். பேனாவால் எழுதினால் மை கரைந்து அழிந்துவிடும்.

(5) அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அறிவித்தால், அவர் நூதனசாலைக்கோ பல்கலைக்கழக விலங்கியற் பகுதிக்கோ அதனைச் சேர்ப்பிக்க வழிசெய்வார்.

(6) உயிருள்ள சிலந்தியை விலைக்குக் கேட்டு வருவோருக்குப் பிடித்துக் கொடுத்தல் ஆகாது. அழகிய கோலம் காரணமாகப் புலிமுகச் சிலந்திகள் வெளிநாடுகளில் வீட்டு வளர்ப்புக்கு விற்கப்படுகின்றன. இவ்வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, 2019 இல் இச்சாதி முழுவதும் அருகிவரும் இனங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

7. கடிபட்டால்

புலிமுகச் சிலந்தி தானாகத் தேடிவந்து கடிப்பதில்லை; பொந்தினுள் கையிட்டாலோ, விறகோடு சேர்த்து அழுத்தினாலோ கடிக்கும். கடுமையான வலியும் வீக்கமும் உண்டாகும். சிலருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு நாட்கணக்கில் நீடிக்கும். இச்சாதிச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக மருத்துவ நூல்களில் உறுதிசெய்யப்பட்ட பதிவு இல்லை. எனினும் அசட்டை செய்யலாகாது. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவ்வுறுப்பை அசைக்காமல் வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடிவாயைக் கீறுதல், சுடுதல் ஆகியவற்றைச் செய்யலாகாது. பழைய மரங்களையும் நெடுநாள் அடுக்கிய விறகையும் கையாளும்போது கையுறை அணிதல் நன்று.

8. முதிர்ந்த மரங்களைப் பேணுதல்

மாங்குளச் சிலந்தி பொந்துள்ள முதிர்ந்த மரங்களையே விரும்புவது. அத்தகைய மரங்கள் அழிக்கப்பட்டதால் தகுந்த இருப்பிடம் இன்றி அது பழைய கட்டடங்களுக்குள் புகுகின்றது என்பதே அதனை ஆராய்ந்தோர் தெரிவித்த கருத்து. வீட்டினுள் சிலந்தி வந்துவிட்டது என்று குறைகூறுமுன், அதன் வீடு யாது ஆயிற்று என்பதையும் நினைத்தல் வேண்டும். பொந்து விழ ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்துக்கு ஈடாக நேற்று நட்ட கன்று உதவாது. காணியைத் துப்புரவாக்கும்போது எல்லையிலும் குளக்கட்டின் ஓரத்திலும் நிற்கும் பழைய மரங்களை, பயிருக்கு இடையூறில்லாத இடத்தில் நிற்கவிடுதல் வேண்டும். அம்மரங்களின் பொந்துகளில் ஆந்தையும் தங்கும். அது எலிகளைப் பிடித்து நெல்லைக் காக்கும்.

கமக்காரர் நினைவிற் கொள்ள வேண்டியவை:

சிலந்தி பயிரைத் தின்பதில்லை.
நிறத்தையும் பருமனையும் மட்டும் கொண்டு இனத்தைத் தீர்மானிக்கலாகாது.
மருந்து தெளிக்க முன் தத்தியோடு சிலந்தியையும் எண்ணுக.
அறியாத சிலந்தியைக் கொல்லாது, இடமும் திகதியும் குறித்து அறிவிக்குக.
பொந்துள்ள முதிர்ந்த மரங்களை இயன்றவரை வெட்டாது விடுக.

நசுக்கப்பட்ட சிலந்தியில் ஆராய ஒன்றும் எஞ்சுவதில்லை. மாங்குளத்துக் கிராமவாசி சேர்ப்பித்த ஒரு சிலந்தியினாலேயே புதிய இனமொன்று உலகின் கணக்கில் ஏறியது. நிலத்தோடு நாள்தோறும் பழகும் கமக்காரருடைய கண்ணுக்கே இத்தகைய உயிர்கள் முதலில் தென்படுகின்றன. ஆகவே கூர்ந்து பார்த்தலும் குறித்து வைத்தலும் அறிவித்தலும் அவருடைய தொழிலுக்கும் நாட்டின் அறிவுக்கும் ஒருங்கே பயன் தருவனவாகும்.